வாடை

ஐப்பசி முடிஞ்சு வாடை எழும்பின அண்டைக்கு
துரை சோத்தை மணந்துபோட்டு
வடக்குப் பார்த்து நிண்டான்.

வடக்கிலை, நாலு வீடு தள்ளி,
இந்துமதியின்ரை பிஸ்கற்.
காத்துக்கு நாலு வீடு ஒரு தூரமோ?
எங்கடை பாஷையிலை வாடை எண்டால் காத்து,
மணமும் அதுதான்.
பேர் வைச்சவன் கடுவன் நாய் வளர்த்திருப்பான்.

குசினிச் சுவரிலை கரியாலை ஒரு கீறு போட்டன்,
பால்காரன் கணக்கு மாதிரி.
மூண்டு கிழமை.
ரத்தம் நிண்டாப்போலை முடிஞ்சுதெண்டு நினையாதேங்கோ,
அதுக்குப் பிறகுதான் விசயமே, எண்டார்
கொண்டாவில் மிருக வைத்தியர்,
என்ரை முகத்தைப் பாராமல்.

வேலிப் பொட்டைத் தகரத்தாலை அடைச்சன்.
மழையிலை ஊறின செம்பாட்டு மண்
கேக் மாதிரி வெட்டுப்படும்.
விடியப் பார்த்தால் முன்னங்கால் ரண்டும் சிவப்பு,
தகரத்துக்குக் கீழை ஒரு முழக் கிடங்கு.
பழைய கதியாலைப் படுக்கையிலை தாட்டு
மேலை கல்லு வைச்சன்.
அவன் பக்கத்திலை குந்தியிருந்து
மேசன் வேலை பழகிறவன் மாதிரிப் பார்த்தான்.

நாலரைக்கு, ஒழுங்கை நாய்கள் எழும்ப முன்னம்,
ரட்டைச் சங்கிலியோடை தெற்காலை கூட்டிக்கொண்டு போவன்.
புகையிலைத் தோட்ட வரம்பிலை
ரண்டு பேரும் களைக்கு மட்டும் நடை.
பேர் சொன்னால் ஓடி வாறவன்
இப்ப என்ரை குரலை அறியான்.
அடிக்கேல்லை.
மூக்காலை கேக்கிறவனுக்கு
முதுகிலை சொல்லி என்ன?

சந்திக் கடையிலை குகதாசன் சிரிச்சான்:
"ஆம்பிளை நாயெண்டால் அப்பிடித்தான்.
அவளையெல்லோ பெட்டையைக் கட்டச் சொல்லோணும்."

அவள் கட்டித்தான் வைச்சிருக்கிறாள்.
குளியலறைக்கை, கதவிடுக்கிலை சாக்கு.
வாலடியிலை விக்ஸ் பூசினாள்,
கேற்றடியிலை கிடந்த ஒன்பது கடுவனும்
பன்ரண்டாச்சு.
நனைஞ்சு, சண்டை பிடிச்சு, காது கிழிஞ்சு கிடக்குதுகள்.
ரியூசன் பிள்ளையள் சைக்கிளைத் திருப்புதுகள்.
பன்ரண்டுக்கும் வீடு இருக்கு.
போறவை வாறவை எல்லாரும்
இந்துமதியின்ரை வாசலைத்தான் முறைக்கினம்.

தேயிலைப் பக்கற் ஒண்டும் பூட்டு ஒண்டும் வாங்கினன்.
காசைக் குடுக்கேக்கை சொன்னன்,
"பூட்டு என்ரை படலைக்கு."

ஸ்காபரோவிலையிருந்து தம்பி:
"நலமடிக்கிறதோ? பாவம் அக்கா,
அவனும் ஒரு ஆம்பிளையெல்லே."
தம்பிக்கு மூண்டு பிள்ளையள். நாய் இல்லை.

ராவிலை போனிலை அவளும் நானும்:
பத்து. வாலை ஒதுக்கிறாள்.
பத்து. பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை.
பதினொண்டு. கவனம், இண்டைக்குக் கடும் காத்து.
எட்டு வருசமாய் ஒரே ஒழுங்கை.
கலியாண வீட்டிலை சிரிச்சிருக்கிறம்,
செத்த வீட்டிலை பக்கத்திலை இருந்திருக்கிறம்.
இவ்வளவு வெளிப்படையாய் ஒருநாளும் கதைச்சதில்லை.

பதின்மூண்டாம் ராத்திரி ஊளையிட்டான்.
கோவத்திலை இல்லை. கேக்கிற மாதிரி.
சங்கிலியைக் கைமணிக்கட்டிலை சுத்திக்கொண்டு
குசினிச் சீமெந்திலை அவனோடை இருந்தன்.
அவன்ரை நெஞ்சு என்ரை முழங்காலிலை இடிச்சுது.
எனக்கும் பசி எண்டொண்டு இருந்தது,
நாற்பது வயசு மட்டும்.
ஒருத்தரும் வேலி அடைக்கேல்லை,
தேவைப்படேல்லை.
அதை அவனுக்குச் சொல்லேல்லை.
மீன்தலை அவிச்சு வைச்சன்,
மணந்துபோட்டு விட்டான்.

இருபத்திரண்டாம் கீறு.
தைக்குத் திகதி எடுத்தாச்சு.
வெட்டினாப் பிறகும் ஒரு மாசம் நம்பாதேங்கோ எண்டார்,
இந்த முறை முகத்தைப் பார்த்து.

பூட்டைக் கழட்டினன்.
துரை படலை மட்டும் போய்
மூக்கை உயர்த்தினான்.
வாடை இன்னும் அடிக்குது,
வெறும் காத்து.
திரும்பி வந்து
தான் கிண்டின கிடங்குக்கை
உடம்பைச் சுருட்டிப் படுத்தான்.
அளவு சரியாய்த்தான் இருந்தது.